ஜிபிஎஸ் இருந்தால் போதாதா, நீண்ட பாய்மரப் படகுப் பயணத்துக்கு வேறு என்ன வேண்டும்?

போதாது. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று ஜிபிஎஸ் உங்களுக்குத்தான் சொல்லும், கரைக்குச் சொல்லாது. தனியாளாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றும் 2018 கோல்டன் குளோப் பந்தயத்தில் இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் படகு தெற்கு இந்தியப் பெருங்கடலில் புரண்டு பாய்மரம் முறிந்தது, முதுகில் அடிபட்டு எழுந்திருக்கவே முடியவில்லை, ஆனாலும் செயற்கைக்கோள் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்ப முடிந்ததாலும் ஈபிர்ப் என்கிற அவசர சமிக்ஞைக் கருவி இருந்ததாலும் மூன்று நாளில் ஒரு பிரெஞ்சுக் கப்பல் வந்து மீட்டது. ஈபிர்ப்பை வாங்கினால் மட்டும் போதாது, உங்கள் பெயரில் பதிவும் செய்ய வேண்டும், அதில் கோட்டை விடாதீர்கள். குறைந்த தூரமே எட்டும் விஎச்எஃப் ரேடியோ பக்கத்துக் கப்பலோடு பேசத்தான். அப்புறம், மின்னல் தாக்கினால் கருவிகள் மொத்தமும் போகலாம், அதனால் காகித வரைபடமும், சூரியன், நட்சத்திரங்களின் உயரக் கோணத்தை அளந்து இடத்தைக் கணிக்க உதவும் செக்ஸ்டன்டும் கட்டாயம். அந்தக் கணக்குக்குச் சரியான நேரம் தெரிய வேண்டும், அதனால் கூடவே நல்ல கைக்கடிகாரம்: நேரம் 4 விநாடி பிசகினால் பூமத்திய ரேகை அருகே ஒரு கடல் மைல் தள்ளிக் காட்டும்.