அண்ணா அனுப்பிய காசும் அலுமாரிக்குள் ஒளித்த கார்டும்

கேள்வி: எனக்கு 39 வயது. சுன்னாகத்தில் இருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பகுதியில் வேலை, கையில் மாதம் 78,000 ரூபாய் வரும். கணவர் மின்சாரச் சாமான்கள் திருத்தும் கடை வைத்திருக்கிறார். ஒரு மாதம் நல்லாக வரும், ஒரு மாதம் வராது. ஒரே மகள், எட்டாம் வகுப்பு. போன மாதம் கனடாவில் இருக்கும் அண்ணா, அவருக்கு மருமகளான என் மகளின் படிப்புக்கென்று 15 இலட்சம் அனுப்பினார். அதை என் பெயரில் ஒரு வருட நிலையான வைப்பில், 8 வீத வட்டிக்குப் போட்டேன்.

ஆனால் 2022இல் தொடங்கிய கிரெடிட் கார்ட் கடன் 320,000 ரூபாய் அப்படியே நிற்கிறது, வட்டி 26 வீதம். மாதம் 16,000 கட்டுகிறேன். மாதக் கடைசியில் சாமானுக்கும் மருந்துக்கும் திரும்ப அதையே தேய்க்கிறேன். அம்மா தந்த காப்பும் சங்கிலியும், 4 பவுண், 4 இலட்சத்துக்கு அடைவில் இருக்கின்றன. 14 வீதம், வருடா வருடம் வட்டியைக் கட்டி மாற்றி வைக்கிறேன். கூரை மாற்றுவதற்காக மாதம் 20,000 ரூபாய்ச் சீட்டும் கட்டுகிறேன், 20 மாதத்தில் 11 மாதம் முடிந்தது.

கணவருக்கு அடைவு தெரியும், கார்ட் கடன் தெரியாது. அவருடைய நண்பர் ஒருவர், போனில் ஒரு ஆப்பில் காசு போட்டால் மாதம் 10 வீதம் கிடைக்கும், ஆட்களைச் சேர்த்தால் இன்னும் வரும் என்கிறார். வைப்பில் 5 இலட்சத்தை எடுத்து அதில் போட்டு நகையை மீட்கலாம் என்று கணவர் சொல்கிறார். அண்ணாவின் காசைத் தொட எனக்கு மனம் வரவில்லை. கார்டை மூடினால் கிறிப்பில், அதாவது எங்கள் கடன் விபரங்களைப் பதியும் பணியகத்தில், பெயர் கெடும் என்றும் சொல்கிறார்கள். என்ன செய்வது?
ஒரு வாசகி, சுன்னாகம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

"அண்ணாவின் காசைத் தொட மனம் வரவில்லை" என்ற வரியை இரண்டு தரம் வாசித்தேன். உங்கள் சிக்கலின் வேர் அதற்குள்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. இது பிள்ளையின் காசு, அது என் கடன் என்று நடுவில் வேலி அடைத்து வைத்திருக்கிறீர்கள். அந்த வேலி அன்பால் அடைத்தது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் வட்டிக்கு அந்த வேலி தெரியாது.

நீங்கள் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறவர், ஆகவே என்னோடு சேர்ந்து ஒரு கூட்டல் போடுங்கள். கார்டுக்கு வருடம் 83,200 ரூபாய் வட்டி. அடைவுக்கு 56,000. இரண்டும் சேர்த்து 139,200. கடன் இரண்டும் 720,000 ரூபாய். இதே 720,000 வைப்பில் இருந்து உங்களுக்கு வருடத்தில் உழைத்துத் தருவது 57,600 ரூபாய். அதாவது பிள்ளையின் காசு பத்திரமாக இருக்கிறது என்று நீங்கள் நினைக்கும் ஒவ்வொரு வருடமும் 81,600 ரூபாய் உங்கள் வீட்டை விட்டுப் போகிறது. ஒரு மாதச் சம்பளத்தை விட அது கூட.

ஆகவே என் பதில் இது. வைப்பை உடையுங்கள். கார்டை முழுவதுமாகக் கட்டுங்கள், நகையை மீட்டு எடுங்கள், மிச்சம் 780,000 ரூபாயைத் திரும்பவும் வைப்பில் போடுங்கள். போட்டு ஒரு மாதம்தான் ஆகிறது என்பதால், தவணைக்கு முன் எடுப்பதற்காக வங்கி வட்டியில் குறைக்கும் தொகை சிறிதாகவே இருக்கும். ஆனால் இதைச் செய்வதற்கு முன் அண்ணாவோடு கதையுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். குளிரிலும் பனியிலும் இரவு வேலை செய்து சேர்த்த காசாக இருக்கலாம். "அண்ணா, இந்தக் காசில் முதலில் வட்டியை நிறுத்துகிறேன், பிறகு பிள்ளையின் பெயருக்குத் திரும்பக் கட்டுகிறேன்" என்று சொன்னால் விளங்காத அண்ணா அரிது.

திரும்பக் கட்டுவது வெறும் பேச்சாக இருக்கக் கூடாது. இப்போது நீங்கள் கார்டுக்குக் கட்டும் 16,000இல் ஏறக்குறைய 6,900 வட்டிக்குப் போகிறது. மிச்சம் 9,100ஐத்தான் மாதக் கடைசியில் திரும்பத் தேய்க்கிறீர்கள். கடன் ஏன் அசையவில்லை என்பது இதில் தெரியும். கார்ட் தீர்ந்தால் அந்த 9,100ஐக் காசாகவே கடையில் கொடுக்கலாம். மிஞ்சும் 6,900ஓடு அடைவு வட்டியாக மாதத்துக்கு விழும் 4,700ஐயும் சேர்த்தால் 11,600 ரூபாய். சம்பளம் விழும் நாளிலேயே அது வேறொரு சேமிப்புக் கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் நிலையான கட்டளை கொடுத்துவிடுங்கள். இப்படியே போனால் ஐந்து வருடத்தில், பிள்ளை ஏ.எல். எழுதும் வயதில், 720,000ம் திரும்பி வந்துவிடும். ஒன்பது மாதத்தில் சீட்டு முடிந்த பிறகு அந்த 20,000ஐயும் இதிலேயே போட்டால் மொத்தம் இரண்டரை வருடம் போதும். மகள் ஓ.எல். எழுதுவதற்கு முன்பே அண்ணாவின் 15 இலட்சம் முழுமையாக இருக்கும்.

கார்ட் கடன் வந்ததற்காக உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. மின்சாரச் சாமான் திருத்தும் கடைக்கு அது என்ன காலம் என்று சொல்லத் தேவையில்லை. அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதத்துக்குப் போனது. பால்மாவுக்கும் மருந்துக்கும் கார்டை நீட்டிய வீடுகள் எத்தனையோ. ஒரு விஷயம் மட்டும் பலருக்குத் தெரிவதில்லை. கார்டில் முழு நிலுவையையும் கட்டுகிறவருக்குத்தான் அந்த வட்டியில்லா நாட்கள். மிச்சம் வைத்துக்கொண்டு தேய்க்கிறவருக்கு, பொதுவாக இன்று வாங்கிய பனடோலுக்கும் இன்றே வட்டி ஓடத் தொடங்கும். குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் பிந்திய கட்டணம் வராது, வட்டி நிற்காது.

கிறிப் பற்றிய பயத்தை விடுங்கள். அது கறுப்புப் பட்டியல் அல்ல. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த கொடுகடன் தகவல் பணியகம், ஒழுங்காகக் கட்டியதையும் கட்டாததையும் இரண்டையுமே பதிந்து வைக்கிறது. முழுவதும் கட்டி முடித்த கார்ட் அங்கே தீர்க்கப்பட்ட கடனாகத்தான் நிற்கும். பெயரைக் கெடுப்பது பிந்திக் கட்டுவதும் கட்டாமல் விடுவதும். வேறொருவருக்குப் பிணை நின்று அவர் கட்டாமல் விட்டாலும் வில்லங்கம் உங்களுக்கு வரும். "ஒரு கையெழுத்துத்தானே" என்று வைத்துவிட்டு, பிறகு தன் வீட்டுக் கடனுக்கு வந்து நின்று அழுத ஆசிரியர்களை வங்கியில் என் மேசைக்கு முன்னால் பார்த்திருக்கிறேன். உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்க்கலாம், வங்கியில் கேளுங்கள். கார்டைக் கட்டியதும் மூடச் சொல்லி எழுத்தில் கொடுத்து, நிலுவை இல்லை என்ற கடிதத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போனில் சொன்னோம், சரி என்றார்கள் என்று விட்டுவிடாதீர்கள். வருடக் கட்டணம் விழுந்து, அது நிலுவையாகி, அதற்கு வட்டியும் ஏறும்.

நகையைப் பற்றி ஒரு வார்த்தை. வங்கியில் 28 வருடம் இருந்தேன், அதில் பாதி அடைவுப் பகுதியில். எங்கள் ஆட்கள் ஏன் பவுணை இவ்வளவு நம்புகிறார்கள் என்று வெளியூரில் இருந்து வந்த அதிகாரிகள் கேட்பார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு மழைக்குள் நடந்த சனம் வீட்டைக் கொண்டுபோகவில்லை, காணியைக் கொண்டுபோகவில்லை. காணி உறுதிப் பத்திரமும் நகையும்தான் மடியில் போனது. அந்த நம்பிக்கைக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அடைவில், இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் நகை அவசரத்துக்கு உதவாது, வருடா வருடம் உங்களிடம் 56,000 வாங்கிக்கொண்டு இருக்கும். வீட்டுக்கு வந்த நகை வேறு. ஆஸ்பத்திரிச் செலவு என்று ஒன்று வந்தால் அதை ஒரு மணித்தியாலத்தில் காசாக்கலாம். ஆகவே காப்பும் சங்கிலியும் இனி உங்கள் அவசரநிதி. கல்யாண வீட்டுக்கு அன்பளிப்புக் கொடுக்க, கோயில் உபயத்துக்கு என்று அதைத் திரும்பக் கொண்டுபோய் வைக்க வேண்டாம்.

சீட்டை முறிக்காதீர்கள், 220,000 ரூபாய் உள்ளே இருக்கிறது. கழிவுச் சீட்டு, அதாவது முன்னதாக எடுப்பவர் தொகையில் ஒரு பங்கைக் கழித்து எடுக்கும் சீட்டு என்றால், கூரை ஒழுகாத வரைக்கும் பெரிய கழிவுக்கு எடுக்காமல் கடைசி மாதங்கள் வரை பொறுத்திருங்கள். ஒவ்வொரு மாதமும் கொப்பியில் கையெழுத்து வாங்குங்கள். இது முடிந்ததும் புதிதாக ஒன்று தொடங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பிடிக்கிறவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் எடுத்தவர் ஒருவர் கட்டாமல் வெளிநாடு போய்விட்டால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது அந்த ஆப். மாதம் 10 வீதம் என்றால் 1 இலட்சம் ஒரு வருடத்தில் 3 இலட்சத்து 13 ஆயிரம் ஆக வேண்டும். வங்கி 8 வீதம் தரும் நாட்டில் இப்படி உழைக்கிற தொழில் ஒருவர் கையில் இருந்தால், அவர் உங்கள் கணவரின் 5 இலட்சத்தைத் தேடி சுன்னாகத்துக்கு வரமாட்டார். ஆட்களைச் சேர்த்தால் இன்னும் வரும் என்பதுதான் முழு அடையாளமும். பின்னால் சேர்கிறவரின் காசை முன்னால் சேர்ந்தவருக்குக் கொடுப்பது பிரமிட் திட்டம். இலங்கையின் வங்கித் தொழில் சட்டத்தில் அது தடை. நடத்துகிறவர் மட்டுமல்ல, அதை ஊக்குவித்து ஆட்களை இழுக்கிறவரும் குற்றவாளி. முதல் இரண்டு மாதம் காசு கட்டாயம் வரும். அது வருவதால்தான் நல்ல மனிதர்கள் தங்கள் தமக்கையையும் மச்சானையும் சேர்த்துவிடுகிறார்கள். காசு போவது ஒரு பக்கம், பிறகு அந்தச் சொந்தங்களின் வாசலில் எப்படி ஏறுவது? சந்தேகம் இருந்தால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு இருவருமாக எடுத்துக் கேளுங்கள்.

மிச்சம் 780,000ஐ எங்கே வைப்பது? 2 வீதம் கூடுதலாகத் தருகிறார்கள் என்று நிதிக் கம்பனிக்கு ஓட வேண்டாம். அனுமதி பெற்ற வங்கியிலோ நிதிக் கம்பனியிலோ போட்ட காசுக்கு ஓர் ஆளுக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபாய் வரைதான் மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதி. நீங்கள் 15 இலட்சத்தை ஒரே இடத்தில் போட்டபோது 4 இலட்சம் அந்தக் காப்புக்கு வெளியே நின்றது. தேசிய சேமிப்பு வங்கி வைப்புகளுக்கு மட்டும் அரசாங்கத்தின் முழு உத்தரவாதம் உண்டு. 2008 டிசம்பரில், மக்களிடம் வைப்பு வாங்கிய கோல்டன் கீ நிறுவனம் விழுந்ததையும், 2020இல் த பினான்ஸ் கம்பனியின் அனுமதி இரத்தானதையும் பார்த்த பிறகு, பிள்ளையின் படிப்புக் காசில் எனக்குத் துணிச்சல் வராது. அதை மூன்று வைப்பாக, மூன்று, ஆறு, பன்னிரண்டு மாதம் என்று பிரித்துப் போடுங்கள். அவசரம் வந்தால் ஒன்றை மட்டும் உடைத்தால் போதும்.

இன்னொன்று, கையோடு செய்ய வேண்டியது. 2025 ஏப்ரல் முதல் வைப்பு வட்டியில் 10 வீதத்தை வங்கி வரியாகப் பிடிக்கிறது. வருட வருமானம் 18 இலட்சத்துக்கு மேல் போகாதவர்கள் சுயபிரகடனம் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். உங்கள் சம்பளத்தையும் வட்டியையும் கூட்டினாலும் ஏறக்குறைய 11 இலட்சம்தான். வருடாவருடம் அந்தப் படிவத்தைக் கொடுங்கள், 6,240 ரூபாய் மிச்சம்.

பங்குச்சந்தை, யூனிட் டிரஸ்ட் எல்லாம் பிறகு பார்க்கலாம், இப்போதைக்கு வேண்டாம். 26 வீதக் கடனைத் தீர்ப்பதை விட நிச்சயமான இலாபம் எந்தச் சந்தையிலும் கிடையாது. உங்கள் ஊழியர் சேமலாப நிதியை மட்டும் ஒருதரம் வடிவாகப் பாருங்கள். உங்கள் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் மாதாமாதம் ஒழுங்காகப் போயிருக்கிறதா என்று. கணவர் சொந்தக் கடை வைத்திருப்பவர், அவருக்கு அப்படி ஒன்று இல்லை. இருவருக்கும் வயது போகும் காலத்துக்கு அதுதான் இருக்கிறது.

கணவரிடம் கார்டைப் பற்றிச் சொல்வதைத்தான் நீங்கள் கடிதத்தில் கேட்கவில்லை. ஆனால் அதைச் சொல்லாமல் மேலே எழுதிய எதையும் செய்ய முடியாது. வைப்பில் பாதி எங்கே என்று அவர் கேட்கத்தானே செய்வார்? அவர் அந்த ஆப்பை நினைப்பதே அம்மா தந்த நகையை மீட்டுத் தரத்தான். நீங்களும் இந்த மூன்று வருடமும் அவருக்குப் பாரமாகக் கூடாது என்றுதான் தனியாகச் சுமந்தீர்கள். கடை பூட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளை ரியூசனுக்குப் போன நேரமாகப் பார்த்து, கார்ட் கணக்குக் கூற்றையும் அடைவுத் துண்டையும் மேசையில் வைத்து, 139,200க்கும் 57,600க்கும் உள்ள கணக்கை அவருக்குக் காட்டுங்கள். கோபப்படலாம். பொறுத்துக்கொள்ளுங்கள், மறைத்ததற்கான கோபம் அது, செலவழித்ததற்கான கோபம் அல்ல. பிறகு அண்ணாவுக்கு இருவருமாகவே போன் எடுங்கள்.

அடுத்த கிழமை வங்கிக்குப் போகும்போது வைப்புச் சான்றிதழ், அடைவுத் துண்டு, அடையாள அட்டை மூன்றையும் கொண்டுபோங்கள். நகை யாருடைய பெயரில் வைத்ததோ அவரே போக வேண்டும். கையில் தரும்போது அங்கேயே நிறுத்துப் பார்த்து, துண்டில் எழுதிய நிறையோடு சரிபார்த்த பிறகு கையெழுத்து வையுங்கள்.