'புகைக்காதவர்' என்ற பதிவை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: நான் கோயம்புத்தூரில் முதுநிலை மருத்துவம் படிக்கும் மாணவி. மாரடைப்புக்கும் புகைப்பழக்கத்துக்கும் உள்ள தொடர்பை எங்கள் மருத்துவமனையின் மின்னணுப் பதிவுகளைக் கொண்டு ஆராய இருக்கிறேன். எலும்பு முறிவுக்காகச் சேர்ந்தவர்களை ஒப்பீட்டுக் குழுவாக வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணம். ஒவ்வொருவருக்கும் 'புகைப்பவர், விட்டவர், புகைக்காதவர்' என்று ஒரு பதிவு இருக்கிறது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். 'புகைப்பவர்' என்ற பதிவு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். புகைக்காத ஒருவர் தன்னைப் புகைப்பவர் என்று சொல்லிக்கொள்ளக் காரணம் இல்லை. சிக்கலெல்லாம் 'புகைக்காதவர்' என்பதில்தான். கேட்டபோது இல்லை என்று சொன்னவரும் அங்கே இருப்பார். யாருமே கேட்காமல் விட்டவரும் இருப்பார். பெண்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்காமலே 'இல்லை' என்று நிரப்புவது நம் புறநோயாளிப் பிரிவுகளில் சர்வசாதாரணம்.

ஆகவே முதலில் மென்பொருளைக் கவனிப்பவர்களிடம் போங்கள். புதிய பதிவைத் திறக்கும்போது அந்த இடம் காலியாக வருகிறதா, 'இல்லை' என்று முன்பே நிரம்பி வருகிறதா என்று கேளுங்கள். நிரம்பி வருமானால், அந்த 'இல்லை'க்குத் தனியாக மதிப்புக் கிடையாது. காலியாக இருப்பவற்றையும் 'புகைக்காதவர்' கணக்கில் சேர்க்காதீர்கள். அமெரிக்காவில் 2011 முதல் மின்னணுப் பதிவுகளுக்கான அரசின் ஊக்கத்தொகைத் திட்டத்தில் 13 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் புகைப்பழக்கத்தைப் பதியச் சொன்னபோது, 'எப்போதாவது புகைத்தாரா என்பது தெரியாது' என்பதற்கே தனி வகை வைத்தார்கள். உங்கள் அட்டவணையிலும் அது வேண்டும். 'தெரியாது' நிறைய வந்தால் வரட்டும், அதுதான் உண்மை நிலவரம்.

அடுத்து, ஒரே நோயாளியின் பதிவுகளைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். 2019இல் புகைப்பவர், 2022இல் புகைக்காதவர் என்றிருந்தால் இரண்டில் ஒன்று பிழை. அவர் 'விட்டவர்' ஆகலாமே தவிர, ஒருநாளும் புகைக்காதவர் ஆக முடியாது. மயக்க மருந்து நிபுணரின் அறுவைக்கு முந்தைய குறிப்பு இருந்தால் அதைத் தவறவிடாதீர்கள். நுரையீரல் சிக்கல்களுக்கு அஞ்சி, அவர்கள் இதை அக்கறையாகக் கேட்பார்கள்.

பிறகு, ஒவ்வொரு வகையிலிருந்தும் குலுக்கல் முறையில் 100 பேரை எடுத்து, நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு தொலைபேசியில் கேளுங்கள். கேட்பவருக்குப் பதிவில் என்ன இருக்கிறது என்பது தெரியக்கூடாது. பீடி, சிகரெட், சுருட்டு என்று தனித்தனியே பெயர் சொல்லிக் கேளுங்கள். மெல்லும் புகையிலையை வேறு கேள்வியாக வையுங்கள். 2016-17ஆம் ஆண்டின் தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பில் புகைக்கும் பெரியவர்கள் 10.7 விழுக்காடு, புகையில்லாப் புகையிலை பயன்படுத்துவோர் 21.4 விழுக்காடு. இரண்டையும் ஒரே 'ஆம்' என்பதில் போட்டால் ஆய்வு குழம்பிவிடும். நூற்றில் 85 பதிவுகள் சரியாக இருந்தால், அந்த வகையின் உண்மையான துல்லியம் ஏறத்தாழ 77க்கும் 91க்கும் இடையில் இருக்கும் என்று கொள்ளலாம். கோட்டினின் (உடலில் நிகோட்டின் சிதைந்து உருவாகும் பொருள்) பரிசோதனை கடந்த சில நாள்களைத்தான் காட்டும். பழைய பதிவைச் சரிபார்க்க உதவாது.

அளவைக் கணக்கிடும்போது கவனம் தேவை. தினமும் புகைக்கும் பாக்கெட்டுகளைப் புகைத்த ஆண்டுகளால் பெருக்கினால் வருவது 'பாக்கெட்-ஆண்டு'. இந்த அளவில் ஒரு பாக்கெட் என்பது 20 சிகரெட். நம் கடைகளில் 10 உள்ள பாக்கெட்டும் விற்கிறது. 'தினம் ஒரு பாக்கெட், 20 வருடம்' என்ற குறிப்பு 10 பாக்கெட்-ஆண்டாகவும் இருக்கலாம். தினம் எத்தனை சிகரெட் என்று எண்ணிக்கையாகக் கேட்டு, 20ஆல் வகுத்து, ஆண்டுகளால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

'விட்டவர்' என்றால் எப்போது விட்டார் என்று பாருங்கள். நெஞ்சுவலி வந்த அன்று விட்டவரும் டிஸ்சார்ஜ் குறிப்பில் 'விட்டவர்' ஆகிவிடுவார். உங்கள் ஆய்வில் அவர் புகைப்பவர்தான்.

உங்கள் திட்டத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்துவது ஒப்பீட்டுக் குழு. மாரடைப்போடு வந்தவரிடம் அவசரப் பிரிவிலும், இதயப் பிரிவிலும், ஆஞ்சியோவுக்கு முன்பும் கேட்பார்கள். கால் முறிந்து வந்தவரிடம் அந்த அளவுக்குக் கேட்கமாட்டார்கள். பிழை இரு குழுவிலும் ஒரே அளவாக இருந்தால் தொடர்பு பொதுவாகக் குறைந்து தெரியும். இங்கே ஒரு பக்கம் மட்டும் புகைப்பவர்கள் மறைந்துபோவதால் தொடர்பு மிகைப்பட்டுத் தெரியும். தொலைபேசிச் சரிபார்ப்பை இரு குழுவிலும் தனித்தனியே செய்து, துல்லியத்தையும் தனித்தனியே எழுதுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால், நோயாளி வார்டில் இருக்கும்போதே ஒரே கேள்வித்தாளால் இரு குழுவினரையும் கேட்கும் ஆய்வாக மாற்றும்படி உங்கள் வழிகாட்டியிடம் பேசுங்கள்.