ஆறாவது கிலோமீட்டரில் கண் மங்குகிறது: எம்.எஸ். உள்ளவர் மாரத்தான் ஓடலாமா?

கேள்வி: மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். வயது 36. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வலது கண் மங்கியது. ஈப்போவில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து மல்டிபிள் ஸ்கிலெரோசிஸ் (எம்.எஸ்.) என்றார்கள். வாரம் ஒருமுறை, சனிக்கிழமை இரவு, இண்டர்ஃபெரான் ஊசி போட்டுக்கொள்கிறேன். சிறுநீரை அடக்க முடியாத தொல்லைக்கு ஆக்சிபியூட்டினின் மாத்திரை. நோய்க்கு முன் 21 கிலோமீட்டர் ஓடியவன். இப்போது முழு மாரத்தான் ஓட ஆசை. வேலை முடிந்து மாலை நான்கரைக்குத் தோட்டச் சாலையில் ஓடுவேன். ஞாயிறு காலை நீண்ட ஓட்டம். ஆறாவது கிலோமீட்டர் வாக்கில் வலது கண்ணில் புகை படிந்த மாதிரி ஆகிறது, இடது கால் தரையில் உரசுகிறது. வீட்டுக்கு வந்து குளித்து அரை மணி நேரம் உட்கார்ந்தால் சரியாகிவிடும். “நரம்பு நோயை வைத்துக்கொண்டு ஓடாதே” என்று அம்மா அழுகிறார். ஓட ஓட நோய் முற்றுகிறதா? நிறுத்திவிடவா?

பதில்: நிறுத்த வேண்டாம், தம்பி. மாலை நான்கரை மணி ஓட்டத்தை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். ஞாயிறு நீண்ட ஓட்டத்துக்கும் வேறு நாள் பார்க்க வேண்டும். காரணம் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் எழுதியிருப்பது ஊட்ஹாஃப் நிகழ்வின் அடையாளங்களோடு அப்படியே பொருந்துகிறது. வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் 1890-இல் இதைப் பதிவு செய்தார்: இந்த நோய் உள்ள சிலருக்கு உடலை வருத்தி ஏதாவது செய்தால் பார்வை மங்குகிறது, ஓய்வெடுத்தால் திரும்புகிறது. உடற்பயிற்சிதான் காரணம் என்று அவர் எண்ணினார். உண்மைக் காரணம் உடல் சூடு என்பது பின்னால்தான் தெரிந்தது. ஸ்கேன் வசதி வருவதற்கு முன்பு, சந்தேகம் உள்ளவரைச் சுடுநீர்த் தொட்டியில் உட்காரவைத்து அறிகுறி தலைகாட்டுகிறதா என்று பார்ப்பதே ஒரு பரிசோதனையாக இருந்தது.

மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றில் உள்ள நரம்பிழைகளை மயலின் என்ற கொழுப்புறை சுற்றியிருக்கிறது. நம் நோயெதிர்ப்பு அணுக்களே அந்த உறையை அரிப்பதுதான் எம்.எஸ். உறை போன இடத்தை மின்சைகை தட்டுத்தடுமாறித்தான் கடக்கும். உடல் சூடேறும்போது நரம்பிழையில் மின்சைகையை எழுப்பும் சோடியம் வாயில்கள் என்ற நுண்துளைகள் சீக்கிரமே மூடிக்கொள்கின்றன. சைகைக்கு அடுத்த கட்டத்தைத் தாண்டப் பலம் போதாமல் அங்கேயே அணைந்துவிடுகிறது. உள்சூடு அரைப் பாகை செல்சியஸ் கூடினாலே சிலருக்கு இது நடக்கும். ஓடுகிறவருக்கோ ஒரு பாகைக்கு மேல் ஏறுவது சாதாரணம். குளிர்ந்ததும் சைகை மறுபடி கடந்துபோகும். பழைய தழும்பு இருக்கும் அதே கண்ணும் அதே காலும்தான் தொல்லை கொடுக்கும். புதிதாக எந்த உறையும் இதனால் அரிபடுவதில்லை. ஆகவே ‘ஓட ஓட முற்றுகிறதா’ என்ற கேள்விக்குப் பதில்: இல்லை.

ஆனால் உண்மையான மறுதாக்குதலை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. புதிய அறிகுறி, அல்லது பழையதே அதிகமாகி, காய்ச்சலோ தொற்றோ இல்லாமல் 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது வேறு கதை. கண்ணை அசைத்தால் வலி, சிவப்பு நிறம் வெளிறித் தெரிவது, இரண்டு கால்களும் ஒன்றாகத் தளர்வது, இடுப்பைச் சுற்றிப் பட்டை கட்டியது போன்ற இறுக்கம், சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது: இவற்றில் எது வந்தாலும் அடுத்த கிளினிக் தேதிவரை காத்திருக்காமல் ஈப்போ பைனுன் மருத்துவமனைக்குப் போங்கள். மறுதாக்குதலுக்கு ஸ்டீராய்டு சிகிச்சை நடக்கும் நாட்களில் ஓட்டம் கிடையாது, நடை போதும். அதேபோல வெயிலில் ஓடும்போது தலை குழம்பி, பேச்சு தடுமாறினால் அதை எம்.எஸ். கணக்கில் எழுதாதீர்கள். அது வெப்பத்தாக்கு, உயிருக்கே ஆபத்து.

அம்மா சொல்வதைப் பழைய காலத்துப் பயம் என்று தள்ளிவிட வேண்டாம். ஒரு தலைமுறைக்கு முன் டாக்டர்களே அதைத்தான் சொன்னார்கள்: ஓய்வெடு, உடலை வருத்தாதே. 1996-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வுதான் அந்த எண்ணத்தை அசைத்தது. எம்.எஸ். உள்ளவர்களை 15 வாரம் பயிற்சி செய்யவைத்தார்கள். உடல் திறன் கூடியது, நோய் மோசமாகவில்லை. அதற்குப் பின் வந்த ஆய்வுகளும் அந்தப் பக்கமே சாய்கின்றன. இதை அம்மாவிடம் சொல்லுங்கள். அதைவிட, ஒருநாள் ஓடி வந்ததும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, கண் தெளிய எத்தனை நிமிடம் ஆகிறது என்று அவரையே கடிகாரம் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி உங்கள் நேர அட்டவணை. ஸ்டெரிலைசர், பாய்லர் பக்கம் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு, ஏற்கனவே சூடேறிய உடம்போடு மாலை வெயிலில் இறங்குகிறீர்கள். தார்ச்சாலையும் அந்நேரம் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். ஆறு கிலோமீட்டர்வரை தாங்குவதே பெரிய காரியம். பால்மரம் என்ற ரப்பர் மரத் தோட்டக் காலத்தில் நம் பாட்டிமார் இருட்டிலேயே பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முந்தைய ஆள் கணக்கெடுப்புக்கு, போனார்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால். உங்கள் நரம்புக்கும் அதே கணக்குதான். விடியலுக்கு முன் 24 பாகை வாக்கில் இருக்கும். அந்த நேரத்தில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவதால் வியர்வை காயாது, அது உண்மை. இருந்தும் பிற்பகல் 33 பாகையைவிட எவ்வளவோ மேல். இரவு ஷிப்ட் முடித்த காலையில் மட்டும் ஓடாதீர்கள். தூக்கமில்லாத உடம்பில் எம்.எஸ். களைப்பு இரட்டிப்பாகும்.

இருட்டில் தோட்டத்துக்குள் போக வேண்டாம். பாம்பு, நாய், குலை ஏற்றிய லோரி எல்லாம் இருக்கட்டும். உங்களுக்கென்று கூடுதலாக ஒரு காரணம் உண்டு. கால் எங்கே ஊன்றுகிறது என்ற உணர்வு எம்.எஸ்.ஸில் குறையலாம். பகலில் கண் அதை ஈடுசெய்துவிடும். இருட்டில், அதுவும் ஒரு கண் பழுதானவருக்கு, அந்தத் துணை இல்லை. தெருவிளக்கு உள்ள டவுன் சாலையோ பள்ளித் திடலோ பாருங்கள், தலைவிளக்கும் கட்டிக்கொள்ளுங்கள்.

மருந்து விஷயத்தில்தான் எனக்கு உண்மையான கவலை. இண்டர்ஃபெரான் போட்ட சில மணி நேரத்தில் பலருக்குச் சளிக்காய்ச்சல் போல உடம்பு காயும், மறுநாள்வரை இழுக்கும். நீங்கள் சனி இரவு ஊசி போட்டு, ஞாயிறு காலை நீண்ட ஓட்டம் போகிறீர்கள். ஓடத் தொடங்கும் முன்பே உடல் சூடு ஒரு படி ஏறி நிற்கிறது! ஊசியை ஞாயிறு இரவுக்கோ வார நடுவிலோ மாற்றலாமா என்று நரம்பியல் டாக்டரைக் கேளுங்கள். மாற்றும்வரை நீண்ட ஓட்டம் சனிக்கிழமை காலையில் இருக்கட்டும்.

அடுத்தது ஆக்சிபியூட்டினின். அந்த வகை மாத்திரைகள் வியர்வையைக் குறைக்கும். எம்.எஸ். தன் பங்குக்கே சிலருக்கு வியர்வையைக் கெடுக்கும். நம் நாட்டு வெப்பத்தில் வியர்க்காமல் நீண்ட தூரம் ஓடுவது ஆபத்தான விளையாட்டு. இதை எழுதிக்கொடுத்த டாக்டருக்கு நீங்கள் மாரத்தான் ஓடுகிறவர் என்று தெரியுமா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். வியர்வையைத் தொடாத மிராபெக்ரான் போன்ற மாற்று மாத்திரைகள் இருக்கின்றன. உங்களுக்கு ஏற்றதா என்று அவர் முடிவு செய்யட்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள். அடிக்கடி போக வேண்டியிருக்கிறதே என்று தண்ணீரைக் குறைப்பதும் வேண்டாம். சிறுநீர்த் தொற்று வந்தால் காய்ச்சலே உங்கள் காலை இழுத்துவிடும். அதற்காக வயிறு முட்டக் குடிப்பதும் தவறு, இரத்தத்தில் உப்பு இறங்கிவிடும். ஓட்டத்தின்போது ஐபூபுரோஃபென் போன்ற வலி மாத்திரை போடாதீர்கள், சிறுநீரகத்துக்கு ஆகாது. ‘நரம்புத் தளர்ச்சிக்கு’ என்று யாராவது எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் லேகியம் கொடுத்தால் மரியாதையாக வாங்கி ஓரமாக வையுங்கள். உங்களுக்கு அந்தச் சக்தி ஏற்கனவே வேண்டாத இடத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறது.

குளிர்விப்பதற்குச் செலவு அதிகமில்லை. பொடித்த ஐஸில் கொஞ்சம் சிரப் கலந்து, கெட்டியான பானமாக, ஓடுவதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் மெதுவாகக் குடியுங்கள். ஓட்டக்காரர்களிடம் நடந்த ஆய்வில் கொடுத்த அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 7.5 கிராம், 65 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய அரைக் கிலோ. முதல் தடவை பாதி குடித்து, வயிறு ஏற்கிறதா என்று பயிற்சி நாளிலேயே பாருங்கள். ஓடும்போது கால் மணி நேரத்துக்கு ஒருமுறை ஜில்லென்ற தண்ணீர் சில மிடறு. சிட்னி ஆய்வாளர்கள் 2018-இல், சூடு தாங்காத எம்.எஸ். நோயாளிகளை வெப்ப அறையில் சைக்கிள் மிதிக்கவைத்தபோது, ஜில்லென்ற தண்ணீர் குடித்தவர்கள் சுமார் 30 விழுக்காடு கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், உள்சூடு இறங்கியதாக அளவீட்டில் தெரியவில்லை. வாயிலும் வயிற்றிலும் பட்ட குளிர்ச்சியே உதவியிருக்க வேண்டும். கழுத்தில் ஐஸ் சுற்றிய துண்டு போடலாம். குளிர்ச்சி பனியன் விற்பவர்களிடம் கவனம்: நனைத்துப் போட்டால் ஆவியாகிக் குளிரும் வகை நம் ஈரப்பதத்தில் காசுக்குத் தண்டம். ஐஸ் பை வைத்த வகை வேலை செய்யும், ஆனால் கனம். தொடக்கக் கோடுவரை போட்டிருந்து கழற்றிவிடலாம்.

கால் உரசுவதைப் பொறுத்தவரை, இன்றைக்கே இரண்டு சப்பாத்துகளையும் கவிழ்த்து நுனியைப் பாருங்கள். இடது நுனி அதிகம் தேய்ந்திருந்தால், உங்களுக்குத் தெரியாமல் முதல் கிலோமீட்டரிலிருந்தே கால் இழுபடுகிறது என்று பொருள். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் உள்ள, பாதத்தை மேலே தூக்கும் தசைக்குப் பயிற்சி உண்டு. ஒரு பிசியோதெரபிஸ்டிடம், முடிந்தால் ஓடிக் களைத்த நிலையிலேயே, நடையைக் காட்டுங்கள். ஓய்ந்த காலைக் காட்டினால் ஒன்றும் தெரியாது. தேவைப்பட்டால் கணுக்கால் தாங்கி. செரில் ஹைல் என்ற அமெரிக்கப் பெண் எம்.எஸ்.ஸோடு, அப்படித் தாங்கி அணிந்தே ஏழு கண்டங்களிலும் மாரத்தான் ஓடினார்.

வேகம்? நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. கால் உரசத் தொடங்கிய பின் நடப்பதில் பயனில்லை, முதல் கிலோமீட்டரிலிருந்தே அப்படி ஓட வேண்டும். உடல் உண்டாக்கும் சூடு குறைந்து, ஆறாவது கிலோமீட்டர் தொல்லை பத்துக்கோ பன்னிரண்டுக்கோ தள்ளிப்போகலாம். வாரத் தூரத்தைக் கூட்டும் அவசரம் வேண்டாம்.

எந்தப் போட்டி என்பதில் என் கருத்து வெளிப்படையானது: முதலில் 21 கிலோமீட்டர். நம் நாட்டில் ஏழு மணி வாக்கில்தான் சூரியன் எழுகிறது. ஐந்தரைக்குத் தொடங்கும் அரை மாரத்தானை இரண்டரை மணி நேரத்தில் முடித்தால் வெயில் சுடும் முன் வீடு. 42.195 கிலோமீட்டரை நடை கலந்து ஆறு மணி நேரத்தில் ஓடுகிறவருக்கோ, விடியலுக்கு முன் நான்கு மணிக்குத் தொடங்கினாலும் கடைசிப் பத்து கிலோமீட்டர் நல்ல வெயிலில்தான். பினாங்குப் பாலத்து ஓட்டம் போல நள்ளிரவு தாண்டித் தொடங்குவது சூட்டுக்கு நல்லது, இருட்டில் தடுமாறும் காலுக்குக் கெடுதல். இரண்டில் எது உங்களை அதிகம் வாட்டுகிறது என்பதை அரை மாரத்தானே காட்டிக்கொடுக்கும்.

போட்டி நாளில், எண் அட்டையின் பின்புறம் நோயின் பெயர், மருந்துகள், வீட்டுத் தொலைபேசி எண் மூன்றையும் எழுதுங்கள். முடிவுக் கோட்டுக்கு அப்பால் ஒரு நண்பர் ஐஸோடு நிற்கட்டும். அமெரிக்காவில் கேய்லா மான்ட்கோமரி என்ற பள்ளி மாணவி எம்.எஸ்.ஸோடு ஓடி 2014-இல் மாநிலப் பட்டம் வென்றார். ஓடும்வரை கால்கள் பழக்கத்தில் ஓடும்; நின்ற கணத்தில் உணர்வில்லாமல் சரிந்துவிடுவார். அவருடைய பயிற்சியாளர் ஒவ்வொரு முறையும் கோட்டருகே காத்திருந்து தாங்கிப் பிடிப்பார். உங்களுக்கு அவ்வளவு ஆகாமல் போகலாம். ஆனாலும் கோட்டைத் தாண்டியதும் சட்டென்று நிற்காமல், நண்பரின் தோளைப் பிடித்தபடி மெல்ல நடந்து நிறுத்துங்கள்.

பதிவுப் பணம் கட்டும் முன் நரம்பியல் கிளினிக்கில் கேட்க வேண்டியவை: ஊசி நாளை மாற்றலாமா, சிறுநீர் மாத்திரையை மாற்றலாமா, அக்குவாபோரின்-4 எதிர்ப்பொருள் சோதனை எனக்குச் செய்தாகிவிட்டதா. கடைசிக் கேள்வி எதற்கென்றால், ஆசியர்களிடம் எம்.எஸ். போலவே கண்ணையும் தண்டுவடத்தையும் தாக்கும் நியூரோமயலைட்டிஸ் ஆப்டிகா என்ற இன்னொரு நோய் உண்டு. அதற்கு இண்டர்ஃபெரான் கெடுதல் செய்யும். பெரும்பாலும் ஏற்கனவே பார்த்திருப்பார்கள். உங்கள் மருத்துவக் கோப்பில் முடிவு இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.