அந்தப் பாட்டு அவனுக்கு எப்படித் தெரிந்தது?

கேள்வி: மான்செஸ்டரில் வசிக்கிறோம். நான் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியின் ரசிகன். 10 வயது மகனை முதல்முறையாக லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்துக்கு, எதிரணி ரசிகர் பகுதியில் ஆட்டம் பார்க்க அழைத்துப்போகிறேன். அவனும் ஆசையாக ஹில்ஸ்பரோ பாட்டு வரைக்கும் மனப்பாடம் செய்துவிட்டான். மனைவிதான் ஆபத்து என்று பயப்படுகிறாள். எப்படிப் புரியவைப்பது?

பதில்: தம்பி, உங்களுக்குத் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், சுற்றிலும் காவலர்கள் இருப்பார்கள். பயத்துக்கு இது போதும். என்னை உறுத்துவது, போகிற போக்கில் எழுதிய அந்த "ஹில்ஸ்பரோ பாட்டு வரைக்கும்". லிவர்பூல் ரசிகர்களின் சாவைக் கேலி செய்து எதிரணி ரசிகர்கள் பாடுவதல்லவா அது?

1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் அரையிறுதி ஆட்டம். லிவர்பூல் ரசிகர்கள் கம்பி வேலிக்குள் நெரிசலில் நசுங்கினார்கள். 97 உயிர்கள் போயின. அவர்களும் உங்களைப்போல வேற்றூர் மைதானத்துக்கு ஆட்டம் பார்க்கப் போனவர்கள்தான். இறந்தவர்களில் மிகச் சின்னவனுக்கு வயது 10. உங்கள் மகனின் வயது! பழியையும் ரசிகர்கள் மேலேயே போட்டார்கள். அவர்கள்மேல் தவறில்லை என்று 2016-இல் ஜூரி சொல்ல 27 வருஷம் ஆனது. அத்தனை வருஷமும் பெற்றவர்கள் ஓயாமல் போராடினார்கள். அவர்கள் ஊருக்குள் போய் உங்கள் பிள்ளை அதைப் பாடப்போகிறானா? எழவு வீட்டைத் தாண்டும்போது பகையாளிகூட குரலைத் தாழ்த்துவானே.

உங்கள் அணிக்கும் இந்த வலி உண்டு. 1958-இல் மியூனிக் விமான விபத்தில் இறந்த 23 பேரில் 8 பேர் யுனைடெட் ஆட்டக்காரர்கள். எதிரணிக்காரன் கையை விமானம்போல விரித்துக் கேலி செய்தால் உங்களுக்கு ரத்தம் கொதிக்காதா?

பத்து வயதுப் பையனுக்கு அந்தப் பாட்டு தானாக வராது. யாரோ பாடினார்கள், நீங்கள் பக்கத்தில் இருந்தும் தடுக்கவில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பிள்ளையை ஆட்டத்துக்குக் கூட்டிப்போவது மட்டுமா அப்பன் வேலை?

போகவேண்டாம் என்று சொல்லமாட்டேன். 1884 முதல் பந்து உருளும் மைதானம், பிள்ளை பார்க்கத்தான் வேண்டும். தன் அணிக்காகத் தொண்டை கிழியக் கத்தட்டும். ஆனால் ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். மைதானத்துக்கு வெளியே இருக்கும் அந்த 97 பேரின் நினைவிடத்தில் அவனை நிறுத்தி, பெயர்களைப் படிக்கச் சொல்லுங்கள். அவன் வயதில் செத்துப்போன பையனைப் பற்றி நீங்களே சொல்லவேண்டும். அப்புறம் உள்ளே உங்கள் கூட்டம் அந்தப் பாட்டை ஆரம்பித்தால், எல்லோரும் நிற்கும்போது நீங்கள் இருவரும் உட்கார்ந்துவிடுங்கள்.

மனைவிக்குப் புரியவைப்பது இருக்கட்டும். முதலில் அந்தப் பாட்டின் வரிகளை அவரிடம் தமிழில் சொல்லுங்கள். உங்களோடு பிள்ளையை அனுப்பலாமா என்று அதற்குப் பிறகு அவரே முடிவு செய்யட்டும்.