‘விசேஷத்துக்கு மட்டும்’ என்றீர்களே!

கேள்வி: காசிமேட்டில் இருக்கிறோம். கணவருக்கு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற வேலை. தினமும் ராத்திரி ஒரு குவார்ட்டர் குடிப்பார். கொஞ்ச நாளாக நடு ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு கத்துகிறார். விடிந்தால் கை நடுங்குகிறது. பொட்டாசியம் குறைவு என்று டாக்டர் சிரப் கொடுத்தார். இளநீர், வாழைப்பழம் எல்லாம் கொடுத்தும் ஏறவில்லை. குடிப்பாரா என்று டாக்டர் கேட்டபோது, மாமியார் பக்கத்தில் நின்றதால் ‘விசேஷத்துக்கு மட்டும்’ என்று சொல்லிவைத்தேன். வேறு என்ன கொடுக்கலாம்? ஆடியில் கோயிலில் கயிறு கட்டிக் குடியை நிறுத்தப்போகிறோம்.

பதில்: ஏம்மா, இளநீர் வரைக்கும் எழுதிவிட்டு, டாக்டரிடம் சொன்ன பொய்யை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே! சிரப் வேலை செய்யாததற்குக் காரணம் அங்கேதான் இருக்கும்.

180 மில்லி குவார்ட்டரில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. அது தினமும் போனால் சிறுநீரகம் மெக்னீசியத்தைப் பிடித்துவைக்காமல் சிறுநீரோடு விட்டுவிடும். குடிக்கிறவர் சரியாகச் சாப்பிடாததால் உள்ளே வருவதும் குறைவு. மெக்னீசியம் இறங்கினால் பொட்டாசியமும் சிறுநீரில் போகும், கால்சியமும் இறங்கும். முதலில் மெக்னீசியத்தை ஏற்றாமல் எத்தனை பாட்டில் சிரப் கொடுத்தாலும் ஓட்டைக் குடத்தில் ஊற்றின தண்ணீர்தான். விசேஷத்துக்கு மட்டும் குடிக்கிறவருக்கு அந்த டாக்டர் எதற்கு மெக்னீசியம் டெஸ்ட் எழுதப்போகிறார்? இது காலோடும் நிற்காது, இதயத் துடிப்பே தாறுமாறாகும்.

மாமியாருக்குத் தெரியாதா? ராத்திரி அந்தக் கத்தலைக் கேட்கிறவர்தானே அவரும்? யாரிடம் மறைத்தீர்கள்? வைத்தியம் பார்க்கிற ஒருவரிடம் மட்டும்! புருஷன் மானத்தைக் காப்பது பெண்டாட்டி கடமை என்று வளர்த்திருப்பார்கள். உயிரைக் காப்பதுதான் முதல் கடமை என்பேன் நான். பெற்றவளுக்கும் அதேதான்.

அப்புறம் அந்தக் கயிறு. கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் விடிந்ததும் கை நடுங்குகிறது என்றால் உடம்பு குடிக்குப் பழகிவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும். இப்படிப்பட்டவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்கப்புறம் புத்தி தடுமாறி உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

ஆடி வரை காத்திருக்காதீர்கள். இந்த வாரமே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். எவ்வளவு, எத்தனை வருஷமாகக் குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார் என்று உள்ளபடி சொல்லுங்கள். சிரப்பை நீங்களாகக் கூட்டாதீர்கள், பொட்டாசியம் அதிகமானாலும் இதயத்துக்கு ஆபத்து. படபடப்பு, மயக்கம், வலிப்பு எது வந்தாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

மாமியாரையும் அழைத்துப்போங்கள். டாக்டர் கேட்டால் இந்தத் தடவை அவரே பதில் சொல்லட்டும்.