புழுவுக்கு விட்ட ஐந்து சால்

அன்புள்ள அண்ணா,

எங்களுக்கு வாழப்பாடி பக்கம் அரை ஏக்கர் கத்தரி. அப்பா வாரம் ரெண்டு தடவை மருந்தடிக்கிறார். அப்படியும் பறித்த காயில் பாதி சொத்தை. காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சைச் செடியே உண்டாக்கும்படி பாக்டீரியா ஜீன் ஏற்றிய பி.டி. கத்தரி வந்திருந்தால் இவ்வளவு விஷம் அடிக்க வேண்டியிருக்காதே? மரபணு மாற்று விதை வேண்டாம் என்று மேடையில் பேசும் நீங்கள், உழவர் சந்தையில் காயைப் புரட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறீர்கள்?

க., வாழப்பாடி

அன்புள்ள க.,

புரட்டித்தான் பார்க்கிறேன். காம்பை ஒட்டி ஊசி குத்தின மாதிரி ஓட்டை தெரிந்தால் கீழே போட்டுவிடுவேன். உங்கள் அப்பா அடிக்கும் மருந்தில் எனக்கும் பங்கு உண்டு.

2010 பிப்ரவரியில் அப்போதைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் பி.டி. கத்தரியை நிறுத்திவைத்தபோது சந்தோஷப்பட்டவன் நான். இன்று அவ்வளவு உறுதியாக இல்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் தன் ரகங்களில் அந்த ஜீனை ஏற்றியிருந்தது. வீரிய ஒட்டு இல்லை, விதை எடுத்து வைக்கலாம். வங்கதேசம் 2014-ல் இருபது விவசாயிகளோடு தொடங்கியது, அங்கே மருந்தடிப்பது குறைந்தது. எல்லாவற்றையும் ‘கம்பெனி விதை’ என்று ஒரே வார்த்தையில் முடித்தது என் தப்பு.

சரி, நம்மூரில் ஏற்கெனவே விளையும் பி.டி. பயிரான பருத்திக்கு வருவோம். 2002-ல் பி.டி. பருத்தி வந்த காலத்தில், 450 கிராம் விதையோடு பி.டி. இல்லாத 120 கிராம் சாதா விதையும் சின்னப் பொட்டலமாகக் கொடுப்பார்கள். காட்டைச் சுற்றி ஐந்து சாலாவது (வரிசையாவது) அதை நட வேண்டும். அதைத் தின்று வளரும் புழு பி.டி. நஞ்சுக்குப் பழகாது, பழகிப்போன ஒன்றிரண்டோடு அது இணைந்தால் வாரிசும் பழகாமலே பிறக்கும். நல்ல யோசனைதான். ஆனால் கொங்கணாபுரத்தில் என் பெரியப்பா வீட்டுப் பரணில் அந்தப் பொட்டலங்கள் நாலைந்து பிரிக்காமலே கிடந்தன, மூலையை எலி கடித்திருந்தது. கேட்டதற்கு, “ரெண்டு ஏக்கர்ல அஞ்சு சாலைப் புழுவுக்கு வுட்டுட்டு நான் என்னத்தடா திங்கிறது?” என்றார். நூறு ஏக்கர்க்காரனுக்குப் போட்ட கணக்கு அது. 2010-லேயே குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் ஜீனுக்குப் பழகிவிட்டது, அப்புறம் வந்த இரண்டு ஜீன் விதைக்கும் பழகிவிட்டது. (சாதா விதையை அதே பொட்டலத்தில் கலந்தே கொடுக்கலாம் என்பது பிற்பாடு வந்த புத்தி.)

நுனி வாடிய குருத்தைக் கிள்ளிச் சொத்தைக் காயோடு சேர்த்துக் குழியில் மூடுங்கள், வரப்பில் வீச வேண்டாம். பெண் அந்துப்பூச்சியின் வாசனையைக் காட்டி ஆணை இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியும் வைத்துப் பாருங்கள். நாளைக்கே பி.டி. கத்தரி வந்தால் அந்த அரை ஏக்கரில் புழுவுக்கு எத்தனை சால் விடுவார் என்று அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள்.