வாங்கும் முன் பென்டிரைவைச் செருகிப் பாருங்கள்

கேள்வி: என் மகள் கணினிப் பொறியியல் படிப்பில் சேர்கிறாள். லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு லினக்ஸ் என்ற இயங்குதளம் மட்டுமே வைத்துக்கொள்ளப் போவதாகச் சொல்கிறாள். கடைக்காரரோ, "எந்த லேப்டாப்பிலும் லினக்ஸ் ஓடும்" என்கிறார். அவர் பேச்சை நம்பி வாங்கலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. இன்று விற்பனையாகும் லேப்டாப்களில் பெரும்பாலானவற்றில் லினக்ஸை நிறுவிவிடலாம். திரை ஒளிரும், விசைப்பலகையும் வேலை செய்யும். ஆனால் வைஃபை கிடைக்காமல் போனாலோ, மூடிப் பைக்குள் வைத்த லேப்டாப் இரவு முழுவதும் உறங்காமல் சூடாகி, காலை வகுப்பில் திறக்கும்போது பேட்டரி தீர்ந்து கிடந்தாலோ, "ஓடுகிறது" என்ற சொல்லால் உங்கள் மகளுக்கு ஒரு பயனும் இல்லை. ஆகவே லேப்டாப்பின் பெயரைப் பார்ப்பதைவிட அதற்குள் இருக்கும் பாகங்களைப் பார்ப்பதே சரியான வழி.

முதலில் வைஃபை சில்லு. பாகங்களை இயக்கும் மென்பொருளான டிரைவர்களில் பெரும்பாலானவை, லினக்ஸின் மையப்பகுதியான கர்னலோடு சேர்ந்தே வருகின்றன. எனவே சில்லைத் தயாரித்த நிறுவனமே டிரைவரை எழுதிக் கர்னலில் சேர்த்திருந்தால், நாம் எதையும் தேடி நிறுவ வேண்டியதில்லை. இன்டெல் வைஃபை சில்லுகள் இந்த வகையைச் சேர்ந்தவை. எனக்கு ஐயமின்றிப் பரிந்துரைக்க முடிவது அவற்றைத்தான். மீடியாடெக், ரியல்டெக் சில்லுகளில் பலவும் புதிய கர்னல்களில் நன்றாகவே இயங்குகின்றன, ஆனால் மாடலுக்கு மாடல் வேறுபாடு உண்டு. பிராட்காம் சில்லுகள் பலவற்றுக்கு டிரைவரைத் தனியே இறக்க வேண்டும். அதை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும் என்று சுற்றிச் சுற்றி வரும். அப்படிச் சிக்கிக்கொண்டால், கைபேசியை யுஎஸ்பி வடத்தால் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்து தப்பித்துக்கொள்ளலாம்.

அடுத்தது கிராஃபிக்ஸ். இன்டெல், ஏஎம்டி ஆகிய இரண்டுக்கும் திறந்த மூல (மூலநிரலை யாரும் பார்க்கக்கூடிய) டிரைவர்கள் முதிர்ந்த நிலையில் இருக்கின்றன. என்விடியா தன் கர்னல் டிரைவரின் மூலநிரலை 2022இல்தான் வெளியிட்டது. அதுவும் டியூரிங் என்ற தலைமுறையிலும் அதற்குப் பின்னும் வந்த அதன் சில்லுகளுக்கு மட்டுமே பொருந்தும், அதன் மேல்மட்ட மென்பொருள்கள் இன்னும் மூடியவையே. இயந்திரக் கற்றலுக்கு "கூடா" (CUDA) என்ற என்விடியாவின் மென்பொருள் வேண்டும் என்று உங்கள் மகள் சொன்னால் என்விடியா உள்ளதை வாங்குவதில் தவறில்லை. அந்தத் தேவை இல்லாதவருக்கு அது கூடுதல் செலவு, கூடுதல் சூடு, குறைந்த பேட்டரி நேரம் என்றே நான் கருதுகிறேன்.

உறக்க நிலையைப் பற்றி விற்பனையாளர் எவரும் பேசுவதில்லை. முன்பு லேப்டாப்பை மூடினால் எஸ்3 என்ற நிலைக்குச் செல்லும். நினைவகத்துக்கு மட்டும் சிறிது மின்சாரம் போகும், மற்றவை அணைந்துவிடும். அண்மைக் காலத்து லேப்டாப்கள் பலவற்றில் எஸ்3 நீக்கப்பட்டு, கைபேசியைப் போல அரைத் தூக்கத்தில் இருக்கும் முறை வந்துவிட்டது. ஒவ்வொரு பாகத்தின் டிரைவரும் ஒத்துழைத்தால்தான் அந்த முறையில் மின்சாரம் மிச்சமாகும். ஒன்று முரண்டு பிடித்தாலும் பேட்டரி வடிந்துவிடும்.

கைரேகை உணரி இயங்காமல் போவது சாதாரணம். அதைப் பொருட்படுத்த வேண்டாம். ஆனால் சில புதிய மெல்லிய லேப்டாப்களில் கேமராவும் சிக்கல் தருகிறது. இணையவழி வகுப்புக்கு அது வேண்டும் அல்லவா?

இவற்றையெல்லாம் உபுண்டுவின் நிறுவல் கோப்பை ஏற்றிய ஒரு பென்டிரைவைக் கொண்டு கால் மணி நேரத்தில் சோதித்துவிடலாம். கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் லேப்டாப்பில் அனுமதி கேட்டுப் பென்டிரைவைச் செருகி, அணைத்து மீண்டும் இயக்கும்போது எஃப்12 அல்லது அந்த நிறுவனத்துக்குரிய விசையை அழுத்தி, நிறுவாமலேயே இயக்கிப் பார்க்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள். திரையின் மேல் மூலையில் வைஃபைக் குறி தெரிகிறதா என்று பார்த்து, கைபேசியின் ஹாட்ஸ்பாட்டுடன் இணையுங்கள். ஒரு காணொளியை ஓட்டி ஒலிபெருக்கியைக் கேளுங்கள். ஒளியைக் கூட்டிக் குறைக்கும் விசைகளை அழுத்துங்கள். பிறகு மூடியை மூடி இரண்டு நிமிடம் காத்திருந்து திறந்து, திரை உயிர்பெறுகிறதா, வைஃபை தானாகத் திரும்புகிறதா என்று கவனியுங்கள். இரவு முழுவதும் பேட்டரி தாங்குமா என்பதை இதில் அறிய முடியாது. அதற்கு அதே மாடலை லினக்ஸில் பயன்படுத்துவோரின் அனுபவத்தைத்தான் தேட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சில ஆண்டுகளுக்கு முன் நான் இப்படியே சோதித்துவிட்டு, அதே மாடலில் பெட்டி பிரிக்காத ஒன்றை வாங்கி வந்தேன். வீட்டில் திறந்தால் வைஃபைக் குறியே இல்லை. மாடல் எண் ஒன்றாக இருந்தும் உள்ளே வேறு நிறுவனத்தின் சில்லு. அன்று முதல், மாற்றித் தருவார்களா என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே கேட்டு, ரசீதில் எழுதி வாங்குகிறேன். நீங்களும் அவ்வாறே செய்யுங்கள்.

உபுண்டுவை வெளியிடும் கனோனிகல் நிறுவனம், தான் சோதித்துச் சான்றளித்த லேப்டாப்களின் பட்டியலைத் தன் தளத்தில் வைத்திருக்கிறது. லெனோவோவின் திங்க்பேட், டெல்லின் லாட்டிடியூட் போன்ற அலுவலக வரிசைகள் அதில் நிறைய உண்டு. இன்னொன்று: விண்டோஸ் இல்லாமல் "டாஸ்" என்று குறிப்பிட்டு மலிவாக விற்பார்கள். விண்டோஸ் உரிமத்தின் விலை அதில் சேரவில்லை என்பதே அதன் பொருள். லினக்ஸில் சோதித்தது என்று பொருளல்ல.

கேள்வி: விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றுவிட்டதால் அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய லேப்டாப்கள் மலிவாகக் கிடைக்கின்றன. லினக்ஸுக்காக ஒன்றை வாங்கலாமா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தாராளமாக வாங்கலாம். ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது விண்டோஸ் 10க்குத்தான், அந்த இயந்திரங்களுக்கு அல்ல. நான்கைந்து ஆண்டுகள் பழகிய பாகங்களுக்கு லினக்ஸில் டிரைவர்கள் நன்கு பண்பட்டிருக்கும் என்பதால், பல நேரங்களில் புத்தம் புதிய மாடலைவிட இவையே தொல்லையின்றி உழைக்கின்றன. 8 ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டியும் இருக்கட்டும். பேட்டரியை மாற்றும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பயாஸுக்குள் (இயங்குதளம் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) நுழைந்து பாருங்கள்: பழைய அலுவலகம் வைத்த கடவுச்சொல் அங்கே இருந்தால், பென்டிரைவிலிருந்து தொடங்கும்படி மாற்றவே முடியாமல் போகலாம். அதை நீக்கித் தராத லேப்டாப்பை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: புது லேப்டாப்பில் லினக்ஸ் நிறுவ முயன்றேன். பென்டிரைவிலிருந்து எல்லாம் இயங்குகிறது. ஆனால் நிறுவும்போது வட்டே இல்லை என்கிறது. வட்டு பழுதா?
- மாணவர், திருநெல்வேலி

பதில்: விண்டோஸ் அதில் ஒழுங்காகத் தொடங்குகிறது என்றால் வட்டு பழுதல்ல. இன்டெல் லேப்டாப்கள் சிலவற்றில் வட்டை ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற அமைப்பில் வைத்து அனுப்புகிறார்கள். அப்போது நிறுவும் நிரலுக்கு வட்டு தெரியாமல் போகலாம். பயாஸில் விஎம்டியை அணைத்தாலோ, வட்டின் முறையை ஏஹெச்சிஐ என்று மாற்றினாலோ தெரிந்துவிடும். ஆனால் விண்டோஸையும் வைத்துக்கொள்ள விரும்பினால் அவசரப்பட வேண்டாம். இந்த அமைப்பை மாற்றியபின் விண்டோஸ் தொடங்காமல் நின்றுவிடக்கூடும். வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயங்கிக்கொண்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியையும் கேட்கும். அந்தச் சாவியை முதலில் தாளில் எழுதிவைத்து, கோப்புகளை வெளி வட்டில் நகலெடுத்த பிறகே பயாஸைத் திறங்கள்.